சம்பந்தி குட்டையில் சப்மரீன்

வாயை நல்லாத் தொறங்க. இன்னுங் கொஞ்சம். போதுங்க. ஊசி போட்டாச்சு, மரத்துப் போறதுக்குக் கொஞ்ச நேரமாகும். நீங்க வெளியூருங்களா? பேச வேண்டாம், தலையை ஆட்டினாப் போதும். கல்யாணத்துக்கு வந்த எடத்துல முறுக்கைக் கடிச்சு இப்படி ஆயிப்போச்சாக்கு. பொள்ளாச்சி முறுக்கு மேல பழி போடாதீங்க, பல்லு ஏற்கனவே உள்ளுக்குள்ள சொத்தைதான். வேர் வரைக்கும் போய்ச் சுத்தம் பண்ணி அடைக்கோணும். வலிச்சா எடது கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்.

மகளைக் கட்டிக் கொடுத்திருக்கீங்களா? ஆமாங்கறீங்க. அப்ப நான் சொல்றது உங்களுக்குத்தான் புரியும். பொண்ணைப் பெத்தவன் சம்பந்தியை எதுத்து ஒரு வார்த்தை பேச முடியுமாங்க? இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த மாதிரிதான். எதிராளி என்ன பண்ணினாலும் ‘ஆ’ன்னு கேட்டுக்கிட்டு இருக்கோணும்.

என்ற சம்பந்தி பேரு நாச்சிமுத்து. ஆனைமலை ரோட்டுல தென்னந்தோப்பு இருக்குது, நார் மில்லு இருக்குது. பேச்சு கம்மி. ஆனா ஒரு வார்த்தை பேசினார்னா நேரா நரம்புல போய்க் குத்தும். நாங்கூட மரத்துப் போக ஊசி போட்டுட்டுத்தான் குத்துவேன். அவருக்கு அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது. எம் மக மிருதுளாவை அவரு மகன் கிருபாகருக்குக் குடுத்திருக்குது.

எனக்குக் குடி இல்லீங்க, சீட்டாட்டம் இல்ல. ஒரே ஒரு பழக்கம், சப்மரீன். ரிமோட்டுல ஓடறது. பொம்மைன்னு நெனைச்சுக்காதீங்க, எங்க வீட்டு சோபா நீளம் இருக்கும். உள்ள ஒரு தொட்டி, தொட்டிக்குள்ள தண்ணியை இழுத்தா முங்கும், தண்ணியை வெளிய தள்ளினா மேல வரும். மேல ஒரு கோபுரம், பின்னாடி விசிறி, திருப்பறதுக்குச் சுக்கான், மீனுக்கு இருக்கற மாதிரி பக்கத்துக்கு ரெண்டு செட்டை. எல்லாம் நானே என் கையால பண்ணினது. ராத்திரியும் பகலுமா ரெண்டு வருஷம்னு எம் பொண்டாட்டி விசாலாட்சி சொல்லுவா. அவ எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா.

பண்ணியாச்சு, ஓட்டறதுக்குத் தண்ணி வேணுமில்லீங்களா? சம்பந்தி தோப்புல சொட்டுநீருக்காக ஒரு குட்டை வெட்டியிருக்காரு. நாலு பக்கமும் சரிவு, அடி வரைக்கும் கருப்புப் பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சது. தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும். ஒரு நாளு போயிக் கேட்டேன். ‘ஓட்டுங்க டாக்டரே’ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

மொத நாளு முங்கினது பாருங்க, அதைப் பாக்கக் கண்ணு ரெண்டு பத்தாது. சத்தமே இல்லாம எறங்கி, அடியில ஒரு சுத்து சுத்தி, அக்கட்ட கரையோரம் எந்திரிச்சுது. அது வரைக்கும் சரி. மேல வந்ததுக்கு அப்பறம் கரைக்கு ஓட்டிட்டு வந்தேன். கோபுரம் இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது. கொஞ்சம் வேகம் குடுத்தா மூக்கு தண்ணிக்குள்ள போவுது. திருப்பினாத் திரும்ப மாட்டேங்குது. சம்பந்தி கரையில தென்னம்மட்டை மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. கடைசியா ஒரு வார்த்தை சொன்னாருங்க.

“டாக்டரே, உள்ள நல்லாத்தான் போவுதாட்ட இருக்குது. மேல வந்தா, கள்ளுக் குடிச்ச கன்னுக்குட்டிங்க.”

நான் சிரிச்சேன். வேற என்ன பண்றது, பொண்ணைக் குடுத்திருக்குதே.

கையைக் கீழ விடுங்க, வலி இருக்காது. அது மிஷின் சத்தம்தான்.

அதுல பாருங்க, கோயமுத்தூர்ல ஒரு சங்கம் வருஷா வருஷம் இந்த மாதிரிக் கப்பலுக்குப் போட்டி வெக்கறாங்க. அதுல சப்மரீனுக்கும் ஒரு பிரிவு. அவங்க வெச்சிருக்கற விதி என்னன்னா, முங்கறதுக்குக் கொஞ்சூண்டு மார்க்கு, மேல ஓட்டறதுக்குத்தான் அத்தனை மார்க்கும். மெதக்கற பந்துக ரெண்டு ரெண்டா விட்டிருப்பாங்க, அதுக்கு நடுவுல புகுந்து புகுந்து வந்து, கடைசில ஒரு பலகை ஓரமா இடிக்காம நிறுத்தோணும். ஏன் இப்படின்னு போன்ல கேட்டேன். ‘சார், உள்ள போயிட்டா ஜட்ஜுக்குத் தெரியாதுல்ல’ன்னாங்க. மீனைக் கூட்டிட்டு வந்து நடந்து காட்டச் சொல்ற மாதிரிதான். ஆனா விதின்னா விதி.

அப்ப முடிவு பண்ணினேன். இதைத் தண்ணிக்கு மேல ஒழுங்கா ஓட வெச்சு, அந்த மனுசன் வாயை அடைக்கோணும்.

வைத்தியம் பாக்கற மாதிரித்தான் பாத்தனுங்க. ஆட்டம் எதுனால வருது? மேல கனம், கீழ கனமில்ல. பல்லு எக்ஸ்ரே எடுக்கற பழைய பிலிம் பாக்கெட்டு ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு ஈயத் தகடு இருக்கும். அதை நான் தூக்கிப் போட்டதே இல்ல, டப்பா டப்பாவா வெச்சிருந்தேன். அத்தனையும் மடிச்சு அடிவயித்துல வெச்சு ஒட்டினேன். அடுத்த ஞாயித்துக்கெழமை விட்டேன். ஆட்டம் கொறைஞ்சுது. ஆனா கோபுரம் மட்டுந்தான் வெளிய தெரியுது, ஒடம்பு பூராத் தண்ணிக்குள்ள.

“இப்பக் குடிக்கலீங்க டாக்டரே,” ன்னாரு. “தூங்குது.”

சரின்னு, தண்ணி மட்டம் எங்க வரோணுமோ அந்தக் கோட்டுல ரெண்டு பக்கமும் தெர்மோகோல் மாதிரி ஒரு சாமான், கெட்டியானது, அதைச் செதுக்கி உள்ள அடைச்சேன். ஒடம்பு மேல வந்துது. கோபுரத்துக்குள்ள தண்ணி தேங்கி நின்னுக்கிட்டு வடிய மாட்டேங்குது, அதனாலதான் எந்திரிக்கும்போது சாயுதுன்னு கண்டுபிடிச்சு, பல்லு கொடையற மிஷின்லயே அதுக்கு ஓட்டை போட்டேன். இந்த மிஷின் இல்லீங்க, பழசு. மூக்கு தண்ணிக்குள்ள போகாம இருக்க, முன்பக்கத்துச் செட்டையைக் கொஞ்சம் மேல பாக்கற மாதிரி வெச்சேன்.

அதுக்கு அடுத்த வாரம் ஓட்டினா, நேராப் போகுது. அசையல. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. மெதுவாத் திருப்பினேன். குட்டை முடியற எடம் வரைக்கும் போயும் பாதிதான் திரும்பியிருக்குது.

“நல்லா இருக்குதுங்க,” ன்னாரு சம்பந்தி. “ஆனா இது திரும்போணும்னா பக்கத்துத் தோட்டத்தையும் நான் வாங்கோணுமாட்ட இருக்குது.”

இந்த மனுசனோட அழும்பைக் கேளுங்க. நான் போற ஞாயித்துக்கெழமை பூரா அவரு வேற வேலையே வெச்சுக்கறதில்ல. குட்டையில பாசி எடுத்து வெச்சிருப்பாரு. தண்ணி மட்டம் எறங்கிடக் கூடாதுன்னு அன்னிக்கு மட்டும் மோட்டாரே போடறதில்ல. தென்னம்மட்டை மேல உக்காந்தா முதுகு வலிக்குதுன்னு ரெண்டு நாற்காலி வாங்கிப் போட்டாரு, ஒண்ணு எனக்கு. எளநி சீவித் தயாரா இருக்கும். எதுக்குன்னு நெனைக்கறீங்க? சௌகரியமா உக்காந்து கிண்டல் பண்றதுக்கு. அப்படியொரு ஆளு.

இந்த நேரம் பாத்து எம் மக பொட்டியோட வந்து நின்னா.

வந்தவ மழைக்காலத்துல வந்திருக்கக் கூடாதா? போட்டிக்கு ஒரு மாசம் இருக்கையில வந்தா. என்னன்னு கேட்டா, மாப்பிள்ளை ஒரு விருந்துல வெச்சு, சொந்தக்காரங்க முன்னாடி, ‘அடுத்த மாசத்துல இருந்து மிருதுளா வேலைக்குப் போகல’ன்னு சொல்லிட்டாராம். இவ கோயமுத்தூர்ல காலேஜுல பாடம் நடத்தறா. இவளை ஒரு வார்த்தை கேக்கல. தப்புதானுங்க, நான் இல்லேங்கல. அவ அழுதுக்கிட்டே சொல்றா, நான் பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக் குடுக்கறேன். மனசுக்குள்ள, சுக்கானை எப்படிப் பெருசு பண்றதுன்னு ஓடிக்கிட்டே இருக்குது. மனசை நாம என்னங்க பண்ண முடியும்?

விசாலாட்சி சொல்லிட்டா: “அவங்களா வந்து பேசற வரைக்கும் அந்தத் தோட்டத்துப் பக்கம் நீங்க கால் வெக்கக் கூடாது. அந்தக் கப்பலைத் தூக்கிட்டுப் போறதைப் பாத்தேன், நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது.”

ஞாயித்துக்கெழமை வந்துச்சு. வால்பாறைப் பக்கம் இலவசப் பல் முகாம்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். கப்பல் கார் டிக்கில. சரி, குட்டையை எட்ட இருந்து ஒரு பார்வை பாத்துட்டு வந்துடலாம்னு போனேன். போனா, ரெண்டு நாற்காலியும் போட்டிருக்குது, சம்பந்தி உக்காந்திருக்காரு. அவரு வீட்லயும் அதே கதை. சம்பந்தியம்மா, பொண்ணு வீட்டாளுங்க யாரும் உள்ள வரக் கூடாதுன்னுட்டாங்களாம். இவரு தென்னையில வெள்ளை ஈ விழுந்திருக்குது, பாத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்காரு.

“வாங்க டாக்டரே,” ன்னாரு. நானும் உக்காந்தேன். எளநியை எங் கையில குடுத்துட்டு, “சுக்கான் என்னாச்சுங்க?” ன்னு கேட்டாரு.

“கொண்டாந்திருக்கேன்” னேன்.

அவ்வளவுதான் பேசினோம். பசங்களைப் பத்தி அவரும் எடுக்கல, நானும் எடுக்கல. பெரிய மனுசங்க, எதை எப்பப் பேசோணும்னு தெரிஞ்சவங்கதான்.

கொஞ்சம் பெருசாத் தொறங்க. அப்படியே வெச்சுக்குங்க. முக்கியமான எடம் இது. பல்லுல இல்ல, கதையில.

சுக்கானுக்கு நான் பண்ணினது என்னன்னா, பல் செட்டுப் பண்ற கண்ணாடி மாதிரி அக்ரிலிக்கு இருக்குதுல்லீங்களா, அதுல ஒரு தகடு வார்த்து, இருந்த சுக்கானுக்குக் கீழ நீட்டி ஒட்டிட்டேன். தண்ணிக்குள்ள விட்டா கண்ணுக்கே தெரியாது. பாக்கறவங்களுக்குச் சின்ன சுக்கான், தண்ணிக்குப் பெரிய சுக்கான். சம்பந்தி அதைக் கையில வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பாத்தாரு. கிண்டல் பண்றதுக்கு அதுல ஒரு ஓட்டை கெடைக்கல.

விட்டேன். நேராப் போச்சு, அசையல. திருப்பினேன், திரும்புச்சு. திரும்பின வேகத்துல நேரா மோட்டார் பைப்புகிட்டப் போயி, பைப்பைக் கட்டியிருந்த கயித்துல மாட்டிக்கிச்சு. பின்னாடி இழுத்தா வரல. சம்பந்தி, “இருங்க” ன்னு காய் பறிக்கற துரட்டியை எடுத்துட்டுக் கரையோரம் எறங்கினாரு. ஷீட்டு மேல கால் வெக்காதீங்க, வழுக்கும்னு நான் சொல்லி முடிக்கல, அவரு துரட்டியால கப்பலைத் தள்ளிவிட்டாரு, கப்பல் விட்டுது, இவரு குட்டைக்குள்ள போயிட்டாரு.

நான் ரிமோட்டைக் கீழ போட்டுட்டு ஓடிப்போயிக் கையைக் குடுத்தேன். அவரு எம்பது கிலோவைத் தாண்டற எடை. கையைக் குடுத்தவன் நானும் உள்ள போயிட்டேன்.

ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியும், அதுல பயமில்ல. ஆனா அந்தக் குட்டையில எறங்கறது சுலபம், ஏறத்தான் முடியாது. கையை வெச்சா வழுக்குது, காலை வெச்சா வழுக்குது. ஏறிக்கறதுக்குன்னு ஒரு கயிறு எப்பவும் தொங்குமாம், அதை யாரோ மில்லுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஞாயித்துக்கெழமை, ஆளுங்க யாரும் இல்ல. மோட்டார் பைப்பை ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டுக் கழுத்தளவு தண்ணியில தொங்கறோம். சம்பந்தி மொகத்துல ரத்தமே இல்ல. எம் மொகம் எனக்குத் தெரியல. “டாக்டரே, கை வலிச்சா எந் தோளைப் புடிச்சுக்குங்க” ன்னாரு. எனக்குத் தைரியம் இல்லேன்னு நெனைச்சிட்டாரு பாருங்க.

அப்பத்தான் அதைப் பாத்தேன்.

நான் போட்ட ரிமோட்டு கரையில ஒரு மட்டைக்கும் கல்லுக்கும் நடுவுல விழுந்து, குச்சி ஒரு பக்கமா அழுந்திக்கிச்சு. விட்டுப்போன கப்பல் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்குது. எங்க ரெண்டு பேரையும் சுத்தி. சின்ன வட்டம். கோபுரம் நட்டு வெச்ச குச்சியாட்டம் நேரா நிக்குது. மூக்கு தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு வருது, உள்ள போகல. ஒரு சாய்வு இல்ல, ஒரு ஆட்டம் இல்ல. எத்தனை வாரம் கரையில நின்னு மேல இருந்து பாத்திருப்போம், அது இல்லீங்க பார்வை. தண்ணி மட்டத்துல கண்ணை வெச்சுப் பாக்கோணும். நெசக் கப்பல் வர்ற மாதிரி எதுக்க வருது, கன்னத்துக்குப் பக்கத்துல கடந்து போகுது, மறுபடியும் வருது.

கத்தி யாரையாவது கூப்புடோணும்னு ரெண்டு பேருக்குமே தோணல.

“அப்பா,” ன்னு ஒரு சத்தம். கரை மேல மாப்பிள்ளை. அப்பா ஈ பாக்கப் போயிட்டாருன்னு நெனைச்சு மோட்டார் போட வந்திருக்காரு. பாத்தா, அவங்க அப்பாவும் மாமனாரும் பைப்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறாங்க. “என்னப்பா இது? மாமா, என்ன பண்றீங்க?”

“இரு கண்ணு,” ன்னாரு சம்பந்தி. “இந்த ஒரு சுத்து பாத்துக்கறோம்.”

மாப்பிள்ளை ஒத்தை ஆளா எங்களை இழுக்க முடியல. மில்லுல இருந்து கயித்தைக் கொண்டாந்து போட்டாரு, போட்டுட்டு எம் மகளுக்குத்தான் போன் பண்ணினாரு. மாசக் கணக்குல பேசாத ரெண்டு பேரு. பின்ன, ஒரு வாரம்னா ஒரு வாரம், பேசாம இருந்தா மாசம் மாதிரித்தானுங்க. அவ ஸ்கூட்டர்ல அம்மாளையும் ஏத்திக்கிட்டு வந்து எறங்கினா. மாப்பிள்ளை முன்னாடி, இவ பின்னாடி, ஒரே கயித்தைப் புடிச்சு இழுத்தாங்க. மொதல்ல நான் போறேன்னேன், சம்பந்தி நீங்க போங்கன்னாரு. இல்லீங்க நீங்கன்னேன். “ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் வாங்க” ன்னு எம் மக கத்தினா. அப்படி அவ கத்தி நான் கேட்டதில்ல.

மேல வந்து நின்னோம். தண்ணி சொட்டுது. அப்பத் திட்டினாங்க பாருங்க. மாப்பிள்ளை, “வயசு என்ன, விளையாட்டு என்ன” ன்னா, எம் மக, “பல் முகாமா இது? வெள்ளை ஈயா?” ங்கறா. அவரு நிறுத்தின எடத்துல இவ எடுக்கறா, இவ மூச்சு வாங்கற எடத்துல அவரு எடுக்கறாரு. அப்படியொரு ஒத்துமை. “ஒருத்தரையொருத்தர் கேட்டுக்காம ஒரு காரியம் பண்ணினா இப்படித்தான் ஆகும்” ன்னு அவ சொன்னா. எங்களைப் பாத்துத்தான் சொன்னா. ஆனா மாப்பிள்ளை சட்டுன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “அது என்ற தப்புதான்” ன்னாரு. இவரு எதுக்குத் தலையைக் குனியறாருன்னு எனக்கு வெளங்கல. குட்டைக்குள்ள விழுந்தது நாங்க.

அப்பறம் ரெண்டு பேரும் தென்னைக்கு அந்தப் பக்கம் போயிப் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு தெரியாது. நான் ரிமோட்டுல மண்ணு போயிருக்குதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். அன்னிக்குச் சாயங்காலம் பொட்டி திரும்பிப் போச்சு. வேலைக்கும் போறா, காலேஜு பஸ் நிக்கற எடம் வரைக்கும் தினமும் மாப்பிள்ளையே கொண்டுபோயி விடறாராம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா அந்தக் கப்பல் சுத்தினதைப் பத்தி ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு வார்த்தை கேக்கலீங்க. அது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

போட்டிக்குப் போனோம். சம்பந்தியும் வந்தாரு. நான் கூப்புடல. காலைல கார்கிட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நின்னாரு, ஏறிக்கிட்டாரு. பந்துக்கு நடுவுல ஒவ்வொண்ணா விட்டேன். ஒண்ணுலயும் உரசல. பலகை ஓரமாக் கொண்டாந்து நிறுத்தினேன், ஒரு விரல் எடம் விட்டு. கை தட்டினாங்க. ஜட்ஜு, சின்ன வயசுக்காரரு, “சூப்பர் சார். இப்ப முங்கச் சொல்லுங்க” ன்னாரு.

தொட்டிக்குள்ள தண்ணியை இழுத்தேன். கொஞ்சம் எறங்குச்சு. நின்னுது. இன்னுங் கொஞ்சம் இழுத்தேன். தொட்டி நெறைஞ்சு போச்சு. கப்பல் அப்படியே நிக்குது, முதுகைக் காட்டிக்கிட்டு. மெதக்கறதுக்காக அத்தனை சாமானை அடைச்சேனில்லீங்களா? அதை அமுக்கறதுக்கு இந்தத் தொட்டி பத்தல. இத்தனை வாரமா மேல ஓடறதையே பாத்துக்கிட்டிருந்தேன். முங்குதான்னு ஒரு நாளாவது பாக்கல. அது முங்கும்னுதான் நெனைச்சுக்கிட்டிருந்தேன்.

ஜட்ஜு ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. “சார், முங்கலைன்னா விதிப்படி இது சப்மரீன் இல்ல. சாதாரணப் படகுப் பிரிவுல போட்டுக்கறேன். அதுல உங்களுக்கு ரெண்டாவது பரிசு வரும்.”

நான் ரிமோட்டை அணைச்சேன். சம்பந்திதான் முன்னால வந்தாரு. வாழ்க்கையில ஒரு வார்த்தைக்கு மேல பேசாத மனுசன், அன்னிக்கு அந்தப் பையன்கிட்டச் சண்டை போட்டாரு பாருங்க. “டாக்டர் கப்பலு முங்கும் தம்பி. எங்க குட்டையில முங்குச்சு. அடியில போயி ஒரு சுத்து சுத்தி அக்கட்ட எந்திரிச்சுது. நான் என்ற கண்ணால பாத்தேன். நாச்சிமுத்து பொய் சொல்றான்னு சொல்றயா? படகுங்கறயே, யாரு கப்பலைப் படகுங்கறே?” கூட்டமே திரும்பிப் பாக்குது. எனக்கு மானமே போச்சு. நாந்தான் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். ரெண்டாவது பரிசுங்கறதை வாங்காமயே வந்துட்டோம்.

அவ்வளவுதாங்க, அடைச்சாச்சு. பல்லைக் கடிச்சுப் பாருங்க. ஒசரமாத் தெரியுதா? இல்லையா? துப்பிட்டு வாயைக் கொப்பளிங்க.

கார்ல வரும்போது கிணத்துக்கடவைத் தாண்டினோம். அப்பறம் சம்பந்தி சொல்றாரு. “டாக்டரே, மேல நல்லா ஓடுது. இனி முங்கறதைப் பாப்பமுங்க.” குத்திக் காட்டறாரு பாத்தீங்களா? சந்தர்ப்பம் கெடைச்சா விடறதே இல்ல. வர்ற ஞாயித்துக்கெழமை காலைல வெய்யில் ஏறறதுக்கு முன்னாடியே வந்துடுங்கன்னு நேத்து போன் பண்ணினாரு, குட்டையை நெறைச்சு வெச்சிருக்காராம். அத்தனை காலைல எதுக்குங்க? என்னை அவமானப்படுத்தறதுக்கு அந்த மனுசனுக்கு அவ்வளவு அவசரம்.